தும்பி நாட்டில் ஒரு விரல் தூரம்

தும்பி நாடு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. மதிவதனியின் வீட்டில், நெல் மூட்டைகள் அடுக்கியிருக்கும் அறையின் சுவரில்தான் இருந்தது.

உரக்கடையில் கொடுத்த பெரிய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அதை வரைந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி மதிவதனி, இன்னொருத்தி ஹம்சத்வனி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை இருவருக்கும் ஒரே பெஞ்சு. இந்தக் கோடை விடுமுறையில் வேறு வேலையே இல்லாமல், தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு நாட்டையே உண்டாக்கிவிட்டார்கள்.

நாட்டின் எல்லை முதலில் சதுரமாகத்தான் இருந்தது. ஹம்சா மோர் டம்ளரைத் தட்டிவிட்டாள். இறக்கை விரித்த தும்பி மாதிரி ஒரு கறை தாளில் படிந்துவிட்டது. அழித்துப் பார்த்தும் போகவில்லை. சரி போகட்டும் என்று கறையின் ஓரமாகவே புது எல்லைக்கோடு போட்டார்கள். தும்பி நாட்டுக்குப் பெயர் வந்த வரலாறு அவ்வளவுதான். அதன் வடக்குப் பகுதியில் மூக்கை வைத்தால் இன்றைக்கும் லேசாகப் புளித்த வாடை அடிக்கும்.

மேற்கே யானைமுதுகு அணை. அங்கே பிறக்கும் கொலுசாறு கத்திரிக்காய்க் காட்டைச் சுற்றிக்கொண்டு, ஆமைக்குளத்தை உரசி, முறுக்குச் சந்தைக்குள் புகுந்து வெளியே வந்து, தூங்குமூஞ்சிப்பட்டியை எழுப்பிவிடாமல் கடந்து, கிழக்கே கடைக்கோடித் துறையில் கடலில் சேரும்.

ஊர்ப் பெயர்களை எழுதியது மதி. எழுத்து சின்னதாக இருந்தால்தான் அசல் வரைபடம் மாதிரி இருக்கும் என்பது அவள் எண்ணம். பென்சிலைச் சீவிச் சீவி எறும்பு அளவில் எழுதினாள். படங்கள் போட்டது ஹம்சா. ஆமைக்குளத்தின் கரையில் அவள் இரண்டு பெண்களை உட்கார வைத்தாள். ஒருத்திக்கு இரட்டைச் சடை, இன்னொருத்திக்கு மூக்குக்கண்ணாடி. இரண்டு பேரும் சேர்ந்தே ஓர் அரிசி அளவுதான் இருப்பார்கள்.

கீழ் மூலையில் ஒரு சட்டமும் எழுதியிருந்தது: ‘ஒரு விரல் = ஒரு நாள்.’ ஆள்காட்டி விரலை வரைபடத்தின் மேல் படுக்கவைத்தால் அது எவ்வளவு நீளமோ, அவ்வளவு தூரம் போவதற்கு ஒரு நாள் ஆகும் என்று அர்த்தம். யாருடைய விரல் என்று பின்னால் சண்டை வரக் கூடாதல்லவா? அதனால் இருவரும் விரலோடு விரலை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டும் சரிசமமாக இருந்தன.

சட்டம் எழுதிய மறுவாரம் ஹம்சாவின் அப்பாவுக்கு பெங்களூருக்கு மாற்றல் வந்தது.

வரைபடம் யாருக்கு என்று இருவரும் பேசவே இல்லை. லாரியில் போனால் கசங்கிவிடும் என்று ஹம்சாதான் அதைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனாள். போவதற்கு முன் அவள் அம்மாவின் டேப்லெட்டில் முழு நாட்டையும் ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மதி அப்பாவின் போனை வாங்கி, அதில் இருக்கும் நிஜ வரைபடத்தைத் திறந்தாள். அவளுடைய ஊர் திருவாரூருக்குக் கிழக்கே இருந்தது. பெங்களூர் மேலே இடது பக்கம் இருந்தது. நடுவில் ஒரு விரல்கூட இல்லை. மதிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஹம்சாவின் புதுத் தெருவைப் பார்க்கலாமே என்று இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். தெரு வந்தது. அங்கிருந்து தன் வீட்டுக்குத் திரும்பி வர, திரையைத் தள்ளினாள், தள்ளினாள், தள்ளிக்கொண்டே இருந்தாள். சேலமே வரவில்லை. கை வலித்ததுதான் மிச்சம்.

“போனை உரசி உரசிக் கரைச்சிடாத பாப்பா” என்றார் அப்பா செல்லதுரை.

மதி வரைபடத்தைப் பழையபடி சிறிதாக்கிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் பெரிய பள்ளி. அங்கே எல்லோரும் ஏற்கெனவே ஜோடி ஜோடியாக இருந்தார்கள். மதியின் பெஞ்சில் பக்கத்து இடம் காலியாக இருந்தது. டீச்சர் அங்கே நோட்டுகள் போடும் அட்டைப் பெட்டியை வைத்துக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்ததும் பாதியை எடுத்து மூடியில் வைப்பது மதிக்குப் பழக்கம். மூடியில் வைத்துவிட்டு, பிறகு அதையும் தானே சாப்பிடுவாள். யாரும் அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் மிக நீளமாக இருந்தது.

மதியின் ஊர் கடைமடை. காவிரி பல கிளைகளாகப் பிரிந்து, ஊர் ஊராக வயல்களுக்குப் பாய்ந்து, கடைசியில் மிச்சம் இருக்கும் தண்ணீர் வந்து சேரும் இடம். மேட்டூர் அணையைத் திறந்துவிட்டால் போதும், ஊரில் எல்லோருக்கும் ஒரே பேச்சுதான்: “தண்ணி எங்க வந்திருக்கு?” டீக்கடையிலும் அதே கேள்வி, கோயில் வாசலிலும் அதே கேள்வி. செல்லதுரை தினமும் யாருக்காவது போன் போட்டு விசாரிப்பார். கல்லணையில் திறந்தாச்சாம், நீடாமங்கலம் தாண்டிடுச்சாம் என்று வந்து சொல்வார். வாய்க்காலில் தண்ணீர் வந்து சேரும் நாளில் ஊரே கரையில் நின்று பூவும் விதைநெல்லும் தூவி வரவேற்கும்.

இதிலிருந்துதான் மதிக்கு அந்த யோசனை வந்தது. மேட்டூர் திறக்கும் அன்றே யானைமுதுகு அணையையும் திறந்துவிட வேண்டும். ஹம்சா ஒரு படகில் ஏறி, அந்தத் தண்ணீரோடு கொலுசாற்றில் வர வேண்டும். தினம் ஒரு விரல். மதி கடைக்கோடித் துறையில் காத்திருந்து வரவேற்பாள்.

அவள் ஆற்றின் வளைவுகளோடு விரலை வைத்து வைத்து அளந்தாள். சரியாகப் பன்னிரண்டு விரல் வந்தது. போனில் சொன்னபோது ஹம்சா, தான் அணையின் மேலேயே நிற்பதாகவும் குளிர்கிறது என்றும் சொன்னாள். அந்தப் பக்கம் அவள் அம்மா, பேசியது போதும் என்றார். ஹம்சாவுக்கு டேப்லெட் தினமும் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அதனால் பேச்செல்லாம் வேண்டாம், அன்றைய விரலைக் கடந்ததும் ஒரு படகுப் படம் மட்டும் அனுப்பினால் போதும் என்று முடிவானது.

மேட்டூர் திறந்தது. யானைமுதுகும் திறந்தது. தினமும் சாயங்காலம் அப்பாவின் போனுக்கு ஒரு குட்டிப் படகு வரும். மதி உடனே சுவரில் ஊசியால் குத்தி வைத்திருக்கும் காகிதப் படகை ஒரு விரல் தூரம் நகர்த்துவாள். பள்ளியில் அட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, சாயங்காலம் படகு வரும் என்று நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்பு போதுமானதாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் அவளுடைய காகிதப் படகு கடைக்கோடித் துறையைத் தொட வேண்டும். மதி தட்டில் செம்பருத்தி இதழ்களைக் கிள்ளி வைத்தாள். அப்பாவிடம் ஒரு பிடி விதைநெல் கேட்டாள். எதற்கு என்று கேட்டவரிடம், தும்பி நாட்டுக்குத் தண்ணீர் வருகிறது என்றாள். “குடுத்து வச்ச நாடு. நம்மூருக்கு இன்னும் வரல” என்று சொல்லிவிட்டு அவர் எடுத்துக் கொடுத்தார்.

போன் ஒலித்தது. படகுப் படம் வந்தது. அதன் கீழே ஒரு வரியும் இருந்தது.

‘ஆமைக்குளம் வந்துட்டேன்டி. ஜாலியா இருக்கு.’

மதி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். ஆமைக்குளம் நாலாவது விரலிலேயே வந்துவிடும். அவளுடைய காகிதப் படகு அதைத் தாண்டிப் போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது.

‘அங்க நீ போன வாரமே வந்திருக்கணும்’ என்று தட்டினாள்.

‘நான் தினமும் ஒரு விரல்தான் வரேன்’ என்று பதில் வந்தது.

‘பொய். நீ மேப்பைப் பாக்கவே இல்ல. சும்மா படகுப் படம் மட்டும் அனுப்பிட்டிருக்க.’

‘நான் ஏண்டி பொய் சொல்லணும்?’

ஹம்சாவுக்கு அங்கே புது சிநேகிதிகள் கிடைத்திருப்பார்கள். விளையாடிவிட்டு வந்து, போகிற போக்கில் ஒரு படத்தைத் தட்டிவிட்டுப் போயிருப்பாள். தான்தான் முட்டாள் மாதிரி தினமும் ஊசியைக் குத்திக்கொண்டிருந்திருக்கிறோம் என்று தோன்றியது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கடைசியாக ஒன்றைத் தட்டினாள்.

‘மதகை மூடிட்டேன். இனிமே நீ வர வேணாம்.’

கடைமடை ஊரில் இதைவிடக் கோபமான வார்த்தை கிடையாது.

மறுநாள் படகு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. வர வேண்டாம் என்று சொன்னது தான்தான் என்பது மதிக்குத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு சாயங்காலமும் போன் ஒலிக்கும்போது அவளுக்கு முதுகு நிமிர்ந்தது. அது யாராவது தண்ணீரைப் பற்றி விசாரிக்கும் அழைப்பாக இருக்கும். நெல் மூட்டை அறைக்குப் போனால் சுவரைப் பார்க்காமல் வெளியே வரப் பழகிக்கொண்டாள். செம்பருத்தி இதழ்கள் தட்டிலேயே வாடின.

ஞாயிற்றுக்கிழமை ஹம்சாவிடமிருந்து ஒரு போட்டோ வந்திருப்பதாக அப்பா சொன்னார். அப்புறம் பார்க்கிறேன் என்று மதி சொல்லிவிட்டாள். பெங்களூர் பூங்காவில் புது சிநேகிதிகளோடு எடுத்த போட்டோவாக இருக்கும் என்று நினைத்தாள். அதைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்தபோது வாய்க்கால் கரையில் கூட்டமாக இருந்தது. தண்ணீர் வந்துவிட்டது. முதலில் செத்தையும் நுரையுமாக ஊர்ந்து வந்து, பிறகு கலங்கலாகப் பரவியது. எல்லோரும் பூ தூவினார்கள். மதியும் அம்மா கொடுத்த பூவைத் தூவினாள். பக்கத்தில் திரும்பினால் யாரும் இல்லை. போன வருஷம் இதே இடத்தில் ஹம்சா செருப்பை வாய்க்காலில் விட்டுவிட்டு, அதைத் துரத்திக்கொண்டு ஓடினாள்.

அப்பா பக்கத்து வயல்காரர் வீரையனோடு பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. மேலே ஒரு மதகில் ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொண்டதாம். அதை வாரிப் போட்ட பிறகுதான் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

“நாலு நாளா இந்தத் தண்ணிய நான் திட்டாத திட்டு இல்ல. அது பாவம், வர வழியில நின்னுக்கிட்டு இருந்திருக்கு” என்றார் வீரையன்.

செல்லதுரை சிரித்தார். மதி சிரிக்கவில்லை. கையில் மிச்சம் இருந்த பூவைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள்.

“அப்பா, போனைக் கொஞ்சம் குடுங்களேன்.”

வீட்டுக்கு வந்து நெல் மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்து ஹம்சா அனுப்பிய போட்டோவைத் திறந்தாள். பூங்காவும் இல்லை, சிநேகிதிகளும் இல்லை. யாருடைய போனிலோ எடுத்திருந்தாள்; டேப்லெட் திரையில் தும்பி நாடு தெரிந்தது. ஆற்றின் மேல் ஹம்சாவின் ஆள்காட்டி விரல் படுத்திருந்தது. கீழே, ‘இதான் என் விரல். நான் பொய் சொல்லல’ என்று எழுதியிருந்தாள்.

மதி உற்றுப் பார்த்தாள். திரையில் ஆமைக்குளம் அகலமாக விரிந்து கிடந்தது. ஹம்சாவின் விரலில் பாதி நீளத்தைக் குளமே பிடித்துக்கொண்டிருந்தது. இங்கே சுவரிலோ, ஆமைக்குளமே மதியின் விரல் நகம் அளவுதான்.

பெங்களூர் குளிரில் விரல் இப்படிச் சுருங்கிப் போகுமா என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நினைத்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. விரல் அதே விரல்தான். அப்படியானால் குளம்தான் பெரிதாகியிருக்க வேண்டும்.

அவள் மூட்டையிலிருந்து குதித்து இறங்கினாள். சுவரிலிருந்த தும்பி நாட்டை அப்பாவின் போனில் ஒரு போட்டோ எடுத்தாள். முழு நாடும் சின்னத் திரைக்குள் அடங்கி நின்றது. அதன் மேல் விரலைப் படுக்கவைத்தாள். அம்மாடி, இரண்டே விரலில் கடல் வந்துவிட்டது. இந்த அளவில் அளந்தால் படகு இரண்டே நாளில் துறைக்கு வந்து நிற்கும். சாப்பிடக்கூட நேரம் இருக்காது.

இப்போது படத்தை இழுத்துப் பெரிதாக்கினாள். மறுபடி விரலை வைத்தாள். காடு தாண்டவில்லை. இன்னும் இழுத்தாள். அதே விரல் ஆற்றின் ஒரு வளைவைக்கூடத் தாண்டவில்லை.

மதி கையைக் கீழே போட்டாள். ஹம்சா ஒரு நாளும் ஏமாற்றவில்லை. பெரிதாக்கிய படத்தின் மேல் தினமும் ஒழுங்காக ஒரு விரல் வைத்து வைத்து, குட்டிக் குட்டியாக நகர்ந்து வந்துகொண்டே இருந்திருக்கிறாள். சுவரில் ஒரு நாளில் போகும் தூரத்துக்கு அவளுக்கு மூன்று நாள் பிடித்திருக்கிறது. அவள் முகத்தில் அடித்த மாதிரி மதகை மூடியது மதிதான்.

மன்னிப்புக் கேட்டுவிடலாம். ஆனால் அது மட்டும் போதாது. மறுபடியும் இதே தப்பு வருமே.

ஹம்சாவின் ஒவ்வொரு விரலையும் மூன்றால் வகுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தாள். அதற்கு, அவள் எல்லா நாளும் ஒரே அளவில் பெரிதாக்கியிருக்க வேண்டும். யாருக்குத் தெரியும்? இழுக்கிற கை ஒரு நாள் கூட இழுக்கும், ஒரு நாள் குறைத்து இழுக்கும். பையிலிருந்து ஸ்கேலை எடுத்து விரலை அளந்தாள். ஆறு சென்டிமீட்டர் வந்தது. விரலுக்குப் பதிலாக ஆறு சென்டிமீட்டர் என்று சட்டத்தை மாற்றிவிட்டால்? ஸ்கேலைத் திரையில் வைத்தாள். படத்தைப் பெரிதாக்கினாள். குளம் வளர்ந்தது, ஸ்கேல் அப்படியேதான் இருந்தது. விரலுக்கு வந்த வியாதிதான் ஸ்கேலுக்கும்.

படத்தில் என்னவெல்லாம் வளர்கிறது என்று நிதானமாகப் பார்த்தாள். குளம் வளர்கிறது. மோர்க் கறை வளர்கிறது. ஊசி குத்திய ஓட்டைகள்கூட வளர்கின்றன. மூலையில் எழுதியிருந்த ‘ஒரு விரல்’ என்ற எழுத்தும் பெரிதாகிறது. வரைபடத்துக்குள் இருக்கும் எல்லாமே சேர்ந்து வளர்கின்றன. விரல் மட்டும்தான் வெளியே இருக்கிறது.

விரலையும் உள்ளே வைத்துவிட்டால்?

மதி பென்சிலை எடுத்தாள். சட்டத்துக்குப் பக்கத்தில் இடது கை ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து, நுனியிலும் அடியிலும் கோடு கிழித்தாள். நடுவில் ஒரு விரலை வரைந்தாள். நகமும் வைத்தாள். வெறுமனே இருக்கிறதே என்று நகத்துக்குச் சிவப்பு பென்சிலால் பாலிஷும் போட்டாள். பிறகு புதிதாக ஒரு போட்டோ எடுத்தாள்.

அம்மா பூக்கட்ட வைத்திருந்த வாழைநாரில் கொஞ்சம் கிழித்துக்கொண்டாள். போனில் படத்தை ஓர் அளவுக்குப் பெரிதாக்கி, வரைந்த விரலின் மேல் நாரை வைத்து அதே நீளத்துக்கு வெட்டினாள். அந்த நாரை ஆற்றின் வளைவுகளுக்கு ஏற்ற மாதிரி வளைத்து வளைத்து வைத்துக்கொண்டே போனாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. கடல் வந்துவிட்டது.

இன்னும் பெரிதாக்கினாள். வரைந்த விரலும் பெரிதானது. இன்னொரு நீளமான நாரை வெட்டி மறுபடி அளந்தாள். மறுபடியும் பன்னிரண்டுதான். மதிக்கு இருந்த சந்தோஷத்தில் மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. தூசி தும்மல் வரவழைக்கும் என்பதால் விட்டுவிட்டாள்.

புதுப் போட்டோவை ஹம்சாவுக்கு அனுப்பினாள். அதன் கீழே எழுதினாள்: ‘மதகைத் திறந்துட்டேன். தப்பு என் மேலதான். ஒரு நூல் எடுத்துட்டு வா.’

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு போன் ஒலித்தது.

“மதகு மூடிட்டேன்னு சொன்னியா, அதான் ஆமைக்குளத்துலயே உக்காந்திருந்தேன்” என்றாள் ஹம்சா. எடுத்த எடுப்பிலேயே அதைத்தான் சொன்னாள். அவள் குரல் சளி பிடித்த மாதிரி இருந்தது. சளி இல்லை என்று மதிக்குத் தெரியும்.

மதி நடந்ததைச் சொன்னாள். விரல் வளராததையும் குளம் வளர்ந்ததையும் சொன்னாள். ஹம்சா கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

“ஏண்டி அவ்ளோ பெரிசாக்கின? ஊர்ப் பேரு படிக்க முடியலயா?” என்று மதி கேட்டாள். எறும்பு எழுத்தில் எழுதியது தான்தானே என்று அவளுக்கு உறுத்தலாக இருந்தது.

“பேரெல்லாம் எனக்கு மனப்பாடம்” என்றாள் ஹம்சா. “பெரிசாக்கினாத்தான் குளத்தங்கரைல நாம ரெண்டு பேரும் தெரியறோம். இங்க பேச யாரும் இல்லடி. தினமும் கொஞ்ச நேரம் அதத்தான் பாத்துண்டு இருப்பேன். அப்புறமா விரலை வெப்பேன்.”

மதி சுவருக்குப் பக்கத்தில் போய், அந்த அரிசி அளவுப் பெண்களைப் பார்த்தாள். இத்தனை நாளில் அவள் அவர்களை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. படகையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள்.

“பன்னெண்டு நாளும் நீ வந்தது வந்ததுதான்” என்றாள் கடைசியில். “இப்ப அந்த விரல் நீளத்துக்கு நூலை வெட்டு. நகப்பாலிஷ் போட்ட விரல். அணையிலிருந்து ஆரம்பி.”

ஹம்சா நூலை வெட்டினாள். ஒவ்வொரு விரலாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கத்திரிக்காய்க் காடு போனது. நாலாவது விரலில் ஆமைக்குளம் வந்தது. அங்கே சற்று நின்றாள், இரண்டு பேருக்கும் டாட்டா காட்டிவிட்டு வருவதாகச் சொன்னாள். முறுக்குச் சந்தையில், ஒரு முறுக்கு எடுத்துக்கொண்டதாகச் சொன்னாள். தூங்குமூஞ்சிப்பட்டியில் இருவருமே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். யாரையும் எழுப்பக் கூடாது என்பது சட்டம். மதி சுவரில் கடைக்கோடித் துறையின் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“பன்னெண்டு” என்றாள் ஹம்சா. அப்புறம் மெதுவாக, “மதி, கடல் வந்துடுத்து.”

“தெரியுது” என்றாள் மதி. “வந்துட்ட.”

அவள் வாடிப்போன செம்பருத்தி இதழ்களையும் விதைநெல்லையும் எடுத்து வரைபடத்தின் மேல் தூவினாள். சுவரில் ஒட்டியிருக்கும் நாட்டில் நெல் எப்படி நிற்கும்? எல்லாம் தரையில் சிதறியது. அதற்காகவே காத்திருந்த மாதிரி வாசலிலிருந்து ஒரு கோழி ஓடி வந்து பொறுக்க ஆரம்பித்தது. அது என்ன சத்தம் என்று ஹம்சா கேட்டாள். தும்பி நாட்டு ராணுவம், மரியாதை செய்கிறது என்று மதி சொன்னாள். ஹம்சா சிரித்த சிரிப்பில் அந்தப் பக்கம் அவள் அம்மா வந்துவிட்டார். டேப்லெட் நேரம் முடிந்தது.

போன் அடங்கியதும் அறையும் அடங்கியது. கோழி போய்விட்டது. நாளைக்கும் பள்ளியில் பக்கத்து இடத்தில் அட்டைப் பெட்டிதான் இருக்கும். டப்பா மூடியில் வைக்கும் பாதியைத் தானேதான் சாப்பிட வேண்டும். ஆனால் சாயங்காலம் படகு உண்டு. இந்த முறை கடைக்கோடித் துறையிலிருந்து மதி ஏறிப் போக வேண்டும், ஆமைக்குளத்தில் ஹம்சா நிற்பாள் என்று பேசி முடிவாகியிருந்தது.

அப்பாவிடம் போனைக் கொடுப்பதற்கு முன்னால் மதி நிஜ வரைபடத்தை ஒரு தடவை திறந்தாள். ஹம்சாவின் தெருவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு இரண்டு விரலையும் குவித்து மெல்லச் சிறிதாக்கினாள். பெங்களூரும் அவளுடைய ஊரும் நெருங்கி நெருங்கி வந்து ஒரு விரலுக்குள் அடங்கின. பெரிதாக்கினால் தூரம் கூடுவதும் இல்லை, சிறிதாக்கினால் குறைவதும் இல்லை என்று அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

இருந்தாலும் சிறிதாக்கியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.